அந்தமான் பெண்களின் சொல்லை எழுதியவர் யார்?

அந்தமான் என்றதும் நம்மில் பலருக்குச் செல்லுலார் சிறைதான் நினைவுக்கு வரும். அங்கே வாடிய ஆண்களின் கதைகளை நிறையப் படித்திருக்கிறோம். ஆனால் அந்தத் தீவுகளில் ஆதியிலிருந்தே வாழ்ந்து வந்த பெண்கள் என்ன ஆனார்கள்? பின்னால் போன பெண்களோடு அவர்களுக்கு என்ன உறவு இருந்தது? இதைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

1858 மார்ச்சில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டே தூத்நாத் திவாரி என்ற கைதி தப்பித்துக் காட்டுக்குள் ஓடினார். அந்தமானியர் அவரைக் கொல்லாமல் தங்களோடு வைத்துக்கொண்டு, லீபா என்ற பெண்ணை மணம் செய்து வைத்தார்கள். 1859இல் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கப் புறப்பட்டபோது, கர்ப்பிணியாக இருந்த லீபாவை விட்டுவிட்டு ஓடிவந்து ஆங்கிலேயரிடம் தகவல் சொன்னார் திவாரி. அதற்காக அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. அவர் கொடுத்த வாக்குமூலம் சரித்திர ஏடுகளில் இருக்கிறது. அதில் லீபாவின் பெயர் உண்டு. அவள் என்ன சொன்னாள் என்பது இல்லை.

1863 ஜனவரியில் பிராட் என்ற வெள்ளைக்கார கடற்படை வீரனை அந்தமானியர் கொன்றார்கள். காரணமில்லாத கொலை என்றுதான் முதலில் அதிகாரிகள் நினைத்தார்கள். அவன் ஓர் அந்தமானியப் பெண்ணைப் பலாத்காரம் செய்ய முயன்றான் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அதே ஆண்டு, பழங்குடியினரைப் பழக்கப்படுத்துவதற்கென்று ‘அந்தமான் இல்லம்’ என்ற காப்பகத்தை ஏற்படுத்தினார்கள். பழக்கத்தோடு நோயும் வந்தது. 1876இல் மேகநோய், 1877இல் தட்டம்மை. இல்லத்தில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901இல் 625 பேர் ஆனார்கள். 1961இல் எஞ்சியது 19 பேர்.

போய்க் குடியேறிய பெண்களின் நிலையும் சுகமானதல்ல. 1860களிலிருந்து பெண் கைதிகளையும் கப்பலேற்றினார்கள். நன்னடத்தையால் சலுகை பெற்ற ஆண் கைதிகளுக்கு அவர்களை மணம் செய்து வைத்துக் குடும்பங்களை உண்டாக்கினார்கள். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் வந்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஓர் இடத்தில் வேரறுக்கப்பட்டவர்களை இன்னொருவர் மண்ணில் கொண்டுபோய் நட்ட கதை இது.

இந்த இரு தரப்புப் பெண்களின் சரித்திரத்தையும் பெரும்பாலும் அதிகாரிகளே எழுதினார்கள். பெண்களே பெண்களிடம் கேட்டு எழுதும் காலம் வெகு தாமதமாகத்தான் வந்தது.

மதுமாலா சட்டோபாத்யாய் மானிடவியல் ஆய்வாளர், வங்காளத்துப் பெண். 1991 ஜனவரி 4ஆம் தேதி ஒரு குழுவோடு வடக்கு சென்டினல் தீவுக்குச் சென்று தண்ணீரில் தேங்காய்களை மிதக்க விட்டார். தீவுக்காரர்கள் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். அப்போது ஓர் இளைஞன் அவரை நோக்கி அம்பெய்யக் குறிவைத்தான். பக்கத்தில் நின்ற சென்டினல் பெண் ஒருத்தி அவனைத் தள்ளிவிட, அம்பு குறி தவறித் தண்ணீரில் விழுந்தது. முன்பின் தெரியாத, பாஷை புரியாத ஒருத்தியின் உயிரைக் காத்த அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் செய்ததை இன்னொரு பெண் சொல்லித்தான் உலகம் அறிந்தது.

ஆனால் நெருங்கிப் பழகுவது எப்போதும் நன்மையில் முடிவதில்லை. 1998 வாக்கில் ஜாரவா மக்கள் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சென்டினல் தீவுக்குத் தேங்காய் கொண்டு போகும் பயணங்களும் 1990களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டன. அதுவே அவர்களுக்குப் பாதுகாப்பு.

அன்விதா அப்பி என்ற மொழியியல் பேராசிரியை வேறு வழியில் போனார். எஞ்சியிருந்த பெரிய அந்தமானியரோடு உட்கார்ந்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்தார். உடலை ஏழு பகுதிகளாக வகுத்து, அந்தப் பகுதிகளைக் குறிக்கும் முன்னொட்டுகளைச் சொற்களோடு சேர்க்கும் அபூர்வமான இலக்கணம் அது என்று கண்டார். அவர் தொகுத்த அகராதி இன்று அந்த மொழிக்கு ஒரு சேமிப்புப் பெட்டகம். 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவருக்குச் சொல் கொடுத்தவர்களில் ஒருவர் போவா என்ற மூதாட்டி. ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மனுஷி அவர். 2004 ஆழிப்பேரலையிலும் பிழைத்தார். பேச ஆளில்லாமல் பறவைகளிடம் தம் மொழியில் பேசுவாராம். 2010 ஜனவரியில், சுமார் 85 வயதில், அவர் காலமானார். அவரோடு அந்தப் பேச்சும் நின்றது. பதிவு செய்யப்பட்ட குரல் மட்டும் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் தமிழ் பேசுவோர் சுமார் 15 விழுக்காடு. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத கதையல்ல. நாமும் அங்கே போய்க் குடியேறியவர்கள்தாம். நமக்கு எழுத்து இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தீவுக்குக் கப்பலேறிய நம் பாட்டிமார்களுக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கும். அங்கே உறவினர் உள்ள அன்பர்கள் அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். அங்கே முன்பே இருந்த பெண்களை எப்படிப் பார்த்தோம், எப்படிப் பழகினோம் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதி வாருங்கள்.