வீடு கட்டுமுன் நீரும் மின்சாரமும்

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை வயல்கள் பல மனைகளாகிவிட்ட இந்நாளில், சொந்தமாக வீடு கட்ட முற்படும் குடும்பஸ்தர் முதற்கண் கவனிக்க வேண்டியது நீரின் தன்மை. கான்கிரீட்டில் கலக்கும் ஜலத்தில் உப்பு மிகுந்தால், உள்ளிருக்கும் கம்பி காலக்கிரமத்தில் துருவேறித் தளத்தையே பிளந்துவிடுமாதலால், ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்த பின்னரே அஸ்திவாரம் இடுவது விவேகம். கழிவுநீர்த் தொட்டிக்கும் அக்கிணற்றுக்கும் 50 அடியேனும் இடைவெளி அவசியம்.

மின்வாரியம் கட்டுமானத்துக்கென அளிக்கும் தற்காலிக இணைப்புக்கு, வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசச் சலுகை இல்லை, கட்டணமும் அதிகம். தளத்தின்மீது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் நாட்களில் மோட்டார் ஓடுவதெல்லாம், தகரக் கூரையடியில் பலகையில் பொருத்திய அந்த மீட்டரில்தான். ஆதலால் வேலை முடிந்ததும், காலதாமதமின்றி, வீட்டு உபயோகக் கட்டணத்துக்கு மாற்றக் கோரி விண்ணப்பம் செய்துவிடுங்கள்.