பைபிள் காட்சிக்குள் நீங்களே நுழைந்து ஜெபிக்கலாமா? 500 ஆண்டு பழைய ‘கற்பனை தியானம்’ எப்படி செய்வது?

"கண்ணை மூடி ஜெபிக்க உட்கார்ந்தா மனசு எங்கெங்கேயோ ஓடுது" - பலரும் சொல்லும் புகார் இது. அப்படி ஓடும் மனதை அடக்காமல், அதையே ஜெபத்துக்குப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டி, செண்பகனூர் பக்கம் இது புதிதல்ல. செண்பகனூரில் 1895-ல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கிய இயேசு சபைத் துறவிகள், தங்கள் பயிற்சியில் கட்டாயம் பழகும் முறை இது.

எப்படி வந்தது?

1521-ல் ஸ்பெயினின் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டு ஒரு வீரரின் கால் நொறுங்கியது. படுக்கையில் பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ இயேசுவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்கள் கதையும்தான். படித்ததை மனதில் காட்சியாக ஓட்டிப் பார்த்தார். அவர்தான் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். அவரது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூல் 1548-ல் அச்சானது. முழுப் பயிற்சிக்கு சுமார் 30 நாட்கள் ஆகும்.

எப்படி செய்வது?

* நற்செய்தியில் ஒரு சின்ன சம்பவத்தை எடுங்கள். இரண்டு முறை நிதானமாக வாசியுங்கள்.
* இடத்தை மனதில் பாருங்கள். பெத்லகேம் போகும் வழி சமதளமா, மேடு பள்ளமா என்றுகூட பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். வில்பட்டிக்காரர்களுக்கு மலைப்பாதை நடையைச் சொல்லித்தரவா வேண்டும்!
* பேச்சைக் கேளுங்கள், வாசனையை உணருங்கள், தொட்டுப் பாருங்கள்.
* நீங்கள் அங்கே யார் என்று கவனியுங்கள்.
* கடைசியில் நண்பரிடம் பேசுவது போல இயேசுவிடம் பேசுங்கள்.

ஒரு உதாரணம்

மாற்கு 10-ம் அதிகாரம். பார்வையற்ற பர்த்திமேயு வழியோரம் உட்கார்ந்து கூப்பிடுகிறார். கூட்டம் அவரை அதட்டி அடக்குகிறது. வெறுமனே வாசித்தால் நாம் பர்த்திமேயு பக்கம்தான். காட்சிக்குள் போய் நின்றால், ‘அதட்டுற கூட்டத்துல நானும் இருக்கேனோ?’ என்ற கேள்வி வரும். வீட்டில் யாரை பேசவிடாமல் செய்கிறோம் என்பது நினைவுக்கு வரலாம். இந்த முறையின் பலமே அதுதான்.

வேதத்தில் இல்லாததைச் சேர்ப்பது தவறில்லையா?

நியாயமான சந்தேகம். மரியாள் கழுதையில் போனதாக லூக்கா எழுதவில்லை. இஞ்ஞாசியார் தன் தியானத்தில் கழுதையைச் சேர்க்கிறார். ஆனால் சம்பவத்தை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் தியானத்தைத் தொடங்க வேண்டும் என்பதும் அவர் விதி. மனதில் தோன்றியது உங்கள் ஜெபம். அது வேதவசனம் ஆகிவிடாது.

இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவரும் 1726-ல் தந்த தேம்பாவணியில், சூசையப்பரின் நாட்டையும் நகரையும் தமிழ்க் காப்பிய மரபில்தான் வர்ணித்தார்.

படமே வரலைன்னா?

கவலை வேண்டாம். அவிலா தெரேசாவே தனக்கு கற்பனை சரியாக வராது என்று எழுதியிருக்கிறார். புத்தகத்தைத் துணைக்கு வைத்துத்தான் ஜெபித்தார். வேதனையான பழைய நினைவுகள் கிளம்பினால் தொடர வேண்டாம். அனுபவமுள்ள ஆன்ம வழிகாட்டியிடம் பேசுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

முதல் முறை 15 நிமிடம் போதும். படம் எவ்வளவு தெளிவாக வந்தது என்பதை அளக்க வேண்டாம். எழுந்த பிறகு அடுத்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பாருங்கள்.