லிங்க்: ஒரே சொல், மூன்று வேலை

"ஆதார் லிங்க் செய்துவிட்டீர்களா?", "பேங்கில் லிங்க் இல்லை, நாளை வாருங்கள்", "லிங்க் அனுப்பு, பார்க்கிறேன்". மூன்றிலும் சொல் ஒன்றுதான். பொருள் வேறு வேறு.

ஆங்கிலத்தில் லிங்க் என்பது சங்கிலியின் ஒரு வளையத்தைக் குறிக்கும். ஒரு வளையம் அடுத்ததைப் பற்றிக் கொள்வதால் இணைப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. பேங்கில் லிங்க் இல்லை என்றால், கிளைக்கும் மத்திய சர்வருக்கும் இடையே தகவல் தொடர்பு அறுந்துள்ளது என்று பொருள். ஆதார் லிங்க் என்பது இரண்டு பதிவுகளை எண் மூலம் சேர்ப்பது.

மூன்றாவதுதான் நாம் கிளிக் செய்திடும் ஹைப்பர்லிங்க். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை 1965ல் டெட் நெல்சன் பயன்படுத்தினார். 1989ல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ தந்த திட்டத்திலிருந்து வைய விரிவு வலை பிறந்தது. அதன் உயிரே லிங்க்தான்.

லிங்க்கிற்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, திரையில் தெரியும் சொற்கள். மற்றொன்று, பின்னால் உள்ள முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏமாற்றுபவர்களுக்கு இதுவே வசதி. "பான் எண்ணை லிங்க் செய்யாவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும். கீழே உள்ள லிங்க்கில் கிளிக் செய்யவும்" என்று செய்தி வரும். முதல் லிங்க் பயமுறுத்துகிறது. இரண்டாவது லிங்க் பணத்தைப் பறிக்கிறது.

எப்படிச் சோதிப்பது?

கம்ப்யூட்டரில் லிங்க் மீது மவுஸ் கர்சரைக் கொண்டு செல்லுங்கள். கிளிக் செய்திட வேண்டாம். பிரவுசரின் கீழ் இடது மூலையில் உண்மையான முகவரி தெரியும். மொபைல் போனில் லிங்க்கைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் முகவரி காட்டப்படும்.

இரட்டைச் சாய்கோட்டிற்குப் பின், முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ளதை மட்டும் பாருங்கள். அதன் கடைசிப் பகுதியே தளத்தின் உரிமையாளரைக் காட்டும். "மைபேங்க்.எக்ஸாம்பிள்.காம்/லாகின்" என்று இருந்தால், அது மைபேங்க்கின் தளம் அல்ல, எக்ஸாம்பிள்.காம் உரிமையாளரின் தளம். முன்னால் எந்தப் பெயரையும் அவர் சேர்த்துக் கொள்ளலாம்.

சந்தேகம் இருந்தால் லிங்க்கை விட்டுவிட்டு, பேங்க்கின் முகவரியை நீங்களே டைப் செய்து செல்லுங்கள். பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் அளியுங்கள். உங்கள் பேங்க்கிற்கும் தெரிவியுங்கள்.