மலைநகரின் பழைய இல்லங்கள் – 9: மேல்மாடித் தீராந்திகள்

கண்டியில் இன்று டி. எஸ். சேனாநாயக்க வீதி எனப்படும் பழைய திருகோணமலை வீதியிலும் அதனை அடுத்த தெருக்களிலும், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக ஆங்கிலேயர் காலத்தில் எழுந்து இன்றளவும் நிற்கின்ற கட்டடங்கள் பலவற்றில், மேல்மாடியைச் சுமப்பவை சுவருக்குச் சுவர் வரிசையாகப் போட்ட மரத் தீராந்திகளேயாம். நடக்கும்போது பலகை அதிர்கிறது, அலுமாரிக் கதவு தானே திறந்துகொள்கிறது என்று கண்டவுடன், மரத்தையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கொங்கிறீட் தட்டுப் போட வீட்டுக்காரர் முனைவது வழக்கமாகிவிட்டது. அது பெரும் பிழை. நான்கு அங்குலத் தட்டு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 240 கிலோ நிறை கொள்ளும். பலகைத் தளமோ அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழஞ்சுவருக்கு இப்புதிய பாரம் அபாயமானது.

தீராந்தி கெடுவது பெரும்பாலும் நடுவில் அன்று. பீலி உடைந்து நனைந்த சுவருக்குள், காற்றின்றிப் புதைந்து கிடக்கும் அதன் முனையில்தான். இந்த உண்மையைக் கண்டி இராச்சியத்துத் தச்சர் நன்கறிந்திருந்தனர். நாயக்க மரபினனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தில், 1755ஆம் ஆண்டில், ஹாரிஸ்பத்துவப் பகுதியில் எழுந்த மெதவலை விகாரையைக் காண்போர், குட்டையான கற்றூண்களின் மீது உத்தரங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் தளமிட்டு, அடியிலே காற்று தாராளமாக உலாவ வழிவிட்டிருக்கும் விவேகத்தை வியக்காதிருக்க முடியாது. கறையான் ஏறுவதானாலும் கல்லின்மேல் மண்கூடு கட்டியே ஏறவேண்டும். அது கண்ணுக்குத் தப்பாது.

பரீட்சிப்பதற்குச் சுத்தியலும் கூரிய திருப்புளியும் போதும். சுவரோரப் பலகையொன்றைக் கழற்றித் தீராந்தியைத் தட்டினால், திடமான மரம் கணீரென்னும், உளுத்தது பொத்தென்னும். திருப்புளியை அழுத்தி நெம்புங்கள்: நல்ல மரத்தில் நீண்ட நார் எழும், கெட்டதில் துண்டு துண்டாக உதிரும். தீராந்தி பலாவாயின், அதன் வைரம் வயதேறக் கபில நிறம் கொள்வது சுபாவம். அந்தக் கருமையைக் கண்டு மரம் கெட்டதென்று தீர்மானித்துவிடலாகாது. மாவுபோல் தூள் உதிர்ந்தால் வண்டின் வேலை. அது வெளிற்றோடு நின்றுவிட்டதா, வைரத்தையும் தொட்டுவிட்டதா என்று செதுக்கிப் பார்த்தபின் பேசுவதே முறை.

முதற்காரியம் பீலியைத் திருத்திச் சுவரை உலரவிடுவது. பிறகு கீழே முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு தீராந்தியாகவே தொடவேண்டும். முனை மாத்திரம் கெட்டிருந்தால் திடமான பகுதிவரை அறுத்து, அதே உயரமுள்ள புதுமரத்தைப் பக்கத்தில் சேர்த்து ஆணிப்பூட்டால் இறுக்கலாம். நடுவும் கெட்டிருந்தால் முழுவதையும் மாற்றுவதன்றி வேறு உபாயமில்லை. எதுவாயினும் சுவர்க்குழியில் தட்டைக்கல் இட்டு, முனையைச் சுற்றி விரலளவு வெளி விடுங்கள். சீமெந்தால் அடைக்கவே வேண்டாம்.

பலாவை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால் நல்ல பலாமரம் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே கழற்றிய தீராந்தியை விறகுக்கு விற்றுவிடாதீர்கள். கெட்ட முனையை அறுத்தெறிந்தால் சிற்றறை ஒன்றுக்கு அது இன்னும் உதவும்.