மார்கழி நிகழ்ச்சிகள்: கிளை நூலகத்தில் நடத்துவது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கிப் பக்கம் குளிர்காலம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் மாசி வெயிலுக்கும் நடுவில் பனி விழும் இரண்டு மாதம் உண்டு, அவ்வளவுதான். ஆனால் நூலகத்தில் ஆட்களைக் கூட்ட ஆண்டிலேயே தோதான காலம் அதுதான். மின்விசிறி ஓடாவிட்டாலும் உட்கார முடியும். பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை வரும். வெளியூரில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் திரும்புவார்கள். இந்த இரண்டு மாதத்தில் பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு கிளை நூலகத்தில் நிகழ்ச்சி நடத்துவது எப்படி என்று, வாசகர் வட்டத்தில் இருப்பவர்களை மனத்தில் வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை என்று முடிகிற விழா நமக்கு வேண்டாம். வந்தவர் திரும்பும்போது கையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

படி 1: நாள் குறிப்பது

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. எல்லாக் கிளை நூலகத்திலும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடக்கும். அதோடு கடமை முடிந்தது என்று விட்டுவிடாமல், அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வாரத்தில் பெரிய கூட்டம் எதையும் திட்டமிட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது 2018 நவம்பர் 16 அன்று, நூலக வாரத்துக்கு நடுவில்தான். அந்த வாரத்தில் உறுப்பினர் சேர்க்கையை மட்டும் செய்யுங்கள்.

டிசம்பர் நடுவில் பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு. அப்போது மாணவர்களைக் கூப்பிட்டால் பெற்றோர் திட்டுவார்கள். தேர்வு முடிந்து, கிறிஸ்துமஸை ஒட்டி வரும் விடுமுறை நாட்கள்தான் பதின்வயதினருக்கான வாரம். பெரியவர்களுக்கு ஜனவரி ஞாயிறுகள். இங்கே கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி இருக்கிறது. சம்பா அறுவடை தை கடைசியில் சூடுபிடித்துவிட்டால் வயல்காரர் யாரும் நூலகத்துப் பக்கம் வர மாட்டார்கள். பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக நான்கு ஞாயிறு கிடைத்தால் போதும். பொது நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறு திறந்திருப்பது நமக்கு வசதி. பிப்ரவரிக்கு மேல் எதுவும் வேண்டாம். மார்ச்சில் பொதுத்தேர்வு.

படி 2: நூலகரோடு உட்காருவது

கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒரே நூலகர்தான் எல்லா வேலையும் பார்ப்பார். புத்தகம் கொடுக்க, வாங்க, நாளிதழ் அடுக்க, பதிவேடு எழுத, அறிக்கை அனுப்ப என்று அவருக்கு நேரம் சரியாக இருக்கும். அவர் தலையில் நிகழ்ச்சியையும் கட்டினால் முதல் வாரத்தோடு நின்றுவிடும். எனவே வேலையை வாசகர் வட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். நூலகரிடம் கேட்க வேண்டியவை மூன்றே: இடம், நேரம், புத்தகப் பட்டியல்.

வாசகர் வட்டக் கூட்டத்தைக் கூட்டி, தேதி, நேரம், பொறுப்பாளர் ஆகியவற்றைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பக்கத் திட்டத்தை நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பி அனுமதி பெறுங்கள். நூலக நேரத்துக்கு வெளியே கட்டடத்தைத் திறக்க வேண்டும் என்றால் எழுத்தில் அனுமதி இல்லாமல் கேட்கவே கூடாது. நாளை ஏதாவது ஒன்று என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர்தான்.

படி 3: இடமும் பணமும்

முதல் மழை பெய்த மறுநாள் நூலகத்துக்குப் போய் எந்த மூலையில் ஒழுகுகிறது என்று பார்த்துவிடுங்கள். அலமாரி அங்கே இருந்தால் நகர்த்த வேண்டும். உட்கார ஜமக்காளம் போதும். வயதானவர்களுக்கு மட்டும் நாற்காலி. இருபது, இருபத்தைந்து பேருக்கு மைக் தேவையில்லை. மைக் வைத்தால் ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்பார். நமக்கு வேண்டியது எல்லாரும் பேசுவது.

செலவு என்று பார்த்தால் சுக்குக் காப்பி, சுண்டல், ஜெராக்ஸ், சார்ட் பேப்பர். கடைத்தெருவில் ஒருவரிடம் காப்பி, இன்னொருவரிடம் சுண்டல் என்று பொருளாகவே கேட்டு வாங்குங்கள். பணமாகக் கொடுக்க விரும்புகிறவரை நூலகப் புரவலராகச் சேர்த்துவிடுங்கள். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர். அது முறையாக ரசீதோடு நூலகத்துக்குப் போகும், நம் கையில் காசு புழங்காது. பரிசு கொடுப்பதானால் புத்தகம் மட்டும். எவர்சில்வர் டப்பாவும் ஷீல்டும் வேண்டாம்.

படி 4: ஆள் சேர்ப்பது

பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் கேளுங்கள். நீங்கள் பேச வேண்டாம். நூலகத்துக்கு ஏற்கெனவே வருகிற ஒரு மாணவியைப் பேசச் சொல்லுங்கள். ஆசிரியர் சொன்னால் கடமைக்கு வருவார்கள், கூடப் படிக்கிற பிள்ளை சொன்னால் விருப்பத்தோடு வருவார்கள்.

பெரியவர்களுக்கு அறிவிப்பை ஒட்ட வேண்டிய இடங்கள் வேறு. பேருந்து நிலையத் தேநீர்க் கடை, ரேஷன் கடை, தையற்கடை, ஜெராக்ஸ் கடை, ஆட்டோ ஸ்டாண்டு. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் “சூப்பர்” என்று பதில் வரும், ஆள் வராது.

அறந்தாங்கிக்கு மணமேல்குடி, ஆவுடையார்கோவில், மீமிசல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பேருந்தில் வந்து படிக்கிறார்கள். மார்கழியில் ஆறு மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். மாலை நிகழ்ச்சியை 5 மணிக்கு முடிக்காவிட்டால் அடுத்த வாரம் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். காலை 10 மணிக்கு வைப்பதே நல்லது.

படி 5: பதின்வயதினர் வாரம்

ஒரு அமர்வை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றை இதே போல அமைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளும் கதை புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. புதுமைப்பித்தன் மறைந்தது 1948-இல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் தாராளமாக ஜெராக்ஸ் எடுக்கலாம். பதினைந்து பேர் வட்டமாக உட்காரட்டும். நன்றாக வாசிக்கத் தெரிந்த மூன்று பேர் மாறி மாறிச் சத்தமாகப் படிக்கட்டும். ஒருவர் கந்தசாமிப் பிள்ளை, ஒருவர் கடவுள், ஒருவர் கதை சொல்பவர். பிழையாகப் படித்தாலும் இடையில் திருத்தாதீர்கள். சென்னையில் கடவுள் வந்து நிற்கிறார், காப்பி குடிக்கிறார் என்றதுமே சிரிப்பு தொடங்கிவிடும். கந்தசாமிப் பிள்ளை அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் இடம் வரை படித்துவிட்டு நிறுத்துங்கள்.

இனி கேள்வி. “தம்பி, உங்க வீட்டுக்கு இப்படி ஒருத்தர் வந்தா எங்க படுக்க வைப்பீங்க?” என்று கேளுங்கள். “மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ரூம் இருக்கு, அங்க படுக்கலாம்” என்பான் ஒருவன். “அம்மா முதல்ல ஆதார் கார்டு கேக்கும்” என்பாள் இன்னொருத்தி. பத்து நிமிடம் இப்படிப் போகட்டும். பிறகு ஆளுக்கு அரைப் பக்கம், கடவுள் தங்கள் வீட்டில் கழித்த ஒரு நாளை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை விரும்புகிறவர் மட்டும் படித்துக் காட்டலாம். மதிப்பெண், முதல் பரிசு எதுவும் கிடையாது.

கதையின் மிச்சத்தை அங்கே படிக்கவே கூடாது. “அப்புறம் என்னண்ணே ஆச்சு?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அலமாரியில் இருக்கிறது. புதுமைப்பித்தன் தொகுப்புகளை முன்கூட்டியே எடுத்து மேசை மேல் வைத்திருங்கள். இருப்பது இரண்டு பிரதி என்றால் பெயர் எழுதி வரிசை போடுங்கள். வரிசை நீளமாக இருந்தால் ஆர்வம் கூடும்.

இந்த மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்த அகிலன், ‘சித்திரப்பாவை’க்காக 1975-ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்றவர். தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அது. இன்னொரு நாளை அவருக்கு ஒதுக்கலாம். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாள். அதை ஒட்டிக் கணக்குப் புதிர் ஒரு நாள் வைத்தால் கதை படிக்காத பிள்ளைகளும் வருவார்கள்.

படி 6: பாட்டியிடம் கேட்டு எழுதுவது

இந்தப் படிதான் பதின்வயதினரையும் பெரியவர்களையும் இணைப்பது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்தவர்கள் சைக்கிளில் வேலைக்குப் போனது அன்றைக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. அன்று இருபத்தைந்து வயதுப் பெண்ணாக இருந்தவர் இன்று அறுபதைத் தொட்டவர், பேரப்பிள்ளை கண்டவர்.

விடுமுறை வாரத்தின் கடைசி நாள் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டிலோ தெருவிலோ அறிவொளியில் படித்தவரையோ பாடம் சொல்லிக்கொடுத்தவரையோ தேடிப்பிடித்து ஐந்து கேள்வி கேட்க வேண்டும். எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முதலில் எழுதிய சொல் எது? சைக்கிள் யாருடையது? இப்போது என்ன படிக்கிறீர்கள்? சொன்னதைச் சொன்னபடியே, அவர்கள் பேச்சிலேயே எழுத வேண்டும்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டிகளை நூலகத்துக்கு அழைத்து வரட்டும். எழுதியதைப் பேரப்பிள்ளை வாசிக்க, “அப்படி இல்லடா, அது மண்ணெண்ணெய் விளக்கு” என்று பாட்டி திருத்துவார். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் “ஒண்ணும் படிக்கிறதில்ல” என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்ட இடத்திலேயே பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுங்கள். பக்தியில் நாட்டம் உள்ளவருக்கு ஆவுடையார்கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய திருப்பெருந்துறை அதுதான். மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சி பாடிய தலம். மார்கழி விடியலில் காதால் கேட்டதை, எளிய உரையோடு கண்ணால் படிக்கக் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள்.

படி 7: போட்டித் தேர்வர்களை உள்ளே இழுப்பது

இன்றைக்கு எந்தக் கிளை நூலகத்துக்குப் போனாலும் மேசையை நிறைத்து உட்கார்ந்திருப்பவர்கள் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள். நூலகத்தின் மிக ஒழுங்கான வாசகர்கள் அவர்கள். ஆனால் தங்கள் புத்தகத்தையே கொண்டுவந்து படித்துவிட்டுப் போவார்கள். நிகழ்ச்சி என்றால் இடைஞ்சல் என்று நினைப்பார்கள். அவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்தால்தான் நம்மோடு சேருவார்கள்.

ஞாயிறுதோறும் ஒரு மாதிரித் தேர்வு வையுங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் பாதி, 100 கேள்வி, தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழ்ப் பகுதியை மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு எடுத்துக்கொண்டு, ஒருவர் தாளை இன்னொருவர் திருத்தட்டும். பதிலுக்கு அவர்களிடம் ஒரு உதவி கேளுங்கள்: வாரம் ஒரு மணி நேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் தீர்ப்பது. தேர்வுக்கு அவர்கள் திருப்பித் திருப்பிப் படிப்பதும் 6 முதல் 10 வரையுள்ள பள்ளிப் பாடநூல்களைத்தான்.

படி 8: வர முடியாதவர் வீட்டுக்குப் போவது

1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் தம் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற விதியை, வண்டி கட்டி நடத்திக் காட்டியது மேலவாசல்.

இன்றைக்கு மாட்டுவண்டி வேண்டாம். நடக்க முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி, கைக்குழந்தைக்காரி என்று பத்து வீட்டைக் குறித்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை சைக்கிளில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தால் போதும். பொது நூலகத் துறையின் நூலக நண்பர்கள் திட்டமும் இதைத்தான் செய்கிறது. அதில் தன்னார்வலராகப் பதிந்துகொண்டால் முறையாக இருக்கும்.

படி 9: கணக்குப் பார்ப்பது

மாசி பிறந்ததும் வாசகர் வட்டத்தைக் கூட்டுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படம் நாளிதழில் வந்தது என்பதைப் பேச வேண்டாம். நூலகரிடம் மூன்று விவரம் கேளுங்கள். மார்கழிக்குப் பின் சேர்ந்த புது உறுப்பினர் எத்தனை பேர்? அவர்களில் இரண்டாவது முறை புத்தகம் எடுத்தவர் எத்தனை பேர்? அலமாரியை விட்டு நகர்ந்த புத்தகங்கள் எவை? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். முதல் புத்தகத்தை நம் முகத்துக்காக எடுப்பார்கள், இரண்டாவதைத் தங்களுக்காக எடுப்பார்கள். நூறு பேர் வந்து ஐந்து பேர் இரண்டாவது புத்தகம் எடுத்த விழாவைவிட, இருபது பேர் வந்து பத்துப் பேர் எடுத்த அமர்வே வெற்றி. எது பலித்ததோ அதை மட்டும் அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொது நூலகச் சட்டத்தை 1948-இலேயே இயற்றிய மாநிலம் இது. சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நாம் கட்டிய காசில் வாங்கிய புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. வாசகர் வட்டத்தில் இருந்துகொண்டே உறுப்பினர் அட்டை இல்லாதவர் யாராவது இருந்தால், நாளைக்கே போய் அட்டை வாங்கி ஒரு புத்தகம் எடுங்கள். நிகழ்ச்சியை அதற்கு அப்புறம் பேசலாம்.