பந்தய வீரரின் காதில் பொறியாளர் எவ்வளவு பேசலாம்?

சிங்கப்பூரின் மரினா பே தடத்தில் 2014 செப்டம்பரில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் லூயிஸ் ஹேமில்டன் வென்றார். அந்தப் பந்தயத்தில்தான் ஒரு புதிய கட்டுப்பாடும் நடப்புக்கு வந்தது. எந்த வளைவில் எப்போது பிரேக் பிடிப்பது, சக வீரரைவிட எங்கே நேரம் இழக்கிறார் என்றெல்லாம் பொறியாளர் ரேடியோவில் சொல்லித் தருவதற்கு எஃப்ஐஏ எனும் அனைத்துலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் தடை விதித்தது.

வீரர் பிறர் உதவியின்றித் தனியாகக் காரை ஓட்டவேண்டும் என்பது பந்தய விதி. ஆனால், காரில் உள்ள உணர்கருவிகள் பிரேக்கின் சூடு, டயரின் நிலை, இயந்திரத்தின் செயல்பாடு ஆகியவற்றை நொடிக்கு நொடி அணிக்கு அனுப்புகின்றன. காரில் என்ன நடக்கிறது என்பது பல வேளைகளில் வீரருக்கு முன்பே பொறியாளருக்குத் தெரிந்துவிடும். வெளியிலிருந்து காரின் அமைப்புகளை மாற்றுவது 2003 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே, பொறியாளரிடம் எஞ்சியிருப்பது பேச்சு மட்டுமே.

அந்தப் பேச்சுக்கும் 2016ல் கடும் கட்டுப்பாடு வந்தது. விளைவுகள் விரைவிலேயே தெரிந்தன.

பாக்கு நகரில் ஹேமில்டனின் கார் தவறான இயந்திர அமைப்பில் சிக்கி வேகம் இழந்தது. எந்தப் பொத்தானை மாற்றுவது என்று அணி சொல்ல முடியவில்லை. வேகமாக ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பார்த்துப் பார்த்து அவரே தீர்வைத் தேடவேண்டியிருந்தது. ஐந்தாவதாக வந்தார்.

ஆஸ்திரியாவில் செர்ஜியோ பெரேஸின் கார் கடைசிச் சுற்றில் பிரேக் பழுதாகி மோதியது. விதியின் காரணமாக அவரை முன்கூட்டியே எச்சரிக்க முடியவில்லை என்று ஃபோர்ஸ் இந்தியா அணி கூறியது.

சில்வர்ஸ்டோனில் நிகோ ராஸ்பர்க்கின் கியர்பெட்டி பழுதானபோது, ஏழாவது கியரைத் தவிர்க்கும்படி பொறியாளர் சொன்னார். அதற்காக 10 வினாடி தண்டனை விதிக்கப்பட்டு, இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். ஹங்கேரியில் பிரேக் கோளாறுடன் போராடிய ஜென்சன் பட்டனுக்கும் ரேடியோ உதவி பெற்றதற்காகத் தண்டனை கிடைத்தது.

அதே ஜூலை மாத இறுதியில், ஜெர்மன் பந்தயத்துக்கு முன்பு, பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. பந்தயத்துக்கு முந்திய அணிவகுப்புச் சுற்று முதல் பந்தயம் தொடங்கும் வரை மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. அணிகளின் ரேடியோ உரையாடல்களை ஒளிபரப்பாளர்கள் தடையின்றிக் கேட்கவும் வழிசெய்யப்பட்டது.

கட்டுப்பாட்டை ஆதரித்தவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொரு வளைவையும் பொறியாளரே பாடம் நடத்தினால், வெற்றி யாருடையது என்ற கேள்வி எழும். சிப்பாங்கில் நடக்கும் மோட்டோஜிபி பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கு வீரர்கள் பல ஆண்டுகளாகத் தடத்தோரத்தில் காட்டப்படும் பலகையையே நம்பி ஓட்டிவந்துள்ளனர்.

எதிர்வாதமும் வலுவானது. 2014 முதல் பயன்படும் ஹைப்ரிட் இயந்திரங்கள் மிகச் சிக்கலானவை. அவற்றை வடிவமைத்தவர்கள் பொறியாளர்கள். கோளாறு வரும்போது அவர்களை வாய்மூடி இருக்கச் சொல்வது வீரரின் திறமையைச் சோதிப்பதாகாது.

எப்படி ஓட்டுவது என்று சொல்லித் தருவது வேறு. பிரேக் செயலிழக்கப் போகிறது என்று எச்சரிப்பது வேறு. 2016ன் விதி இவ்விரண்டுக்கும் இடையே தெளிவான கோடு போடத் தவறியது. எதிர்காலத்தில் மீண்டும் கட்டுப்பாடு வந்தாலும், உயிரைக் காக்கும் சொல்லுக்கு அதில் இடம் இருக்கவேண்டும்.