கசப்புக்கு எத்தனை பெயர்?

பீரைப் பற்றித் தமிழில் பேசச் சொன்னால் நம்மில் பெரும்பாலோரிடம் இரண்டே இரண்டு வார்த்தைகள்தான் இருக்கும். ஒன்று, "ஜில்லுன்னு இருக்கு." இன்னொன்று, "நல்லா ஏறுது." அதோடு பேச்சு முடிந்துவிடும். சுவையைப் பற்றி ஒரு சொல்கூட வராது.

இதே நாம்தான் ரசத்தில் புளி பச்சையாக நிற்கிறதா, பெருங்காயம் தூக்கலாகிவிட்டதா என்று சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் வாதாடுகிறோம். கோப்பிக் கடையில் 'கோப்பி ஓ'வில் சர்க்கரை ஒரு கரண்டி கூடினாலும் முகம் சுளிக்கிறோம். நாக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது. பீர் என்று வந்தால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது.

வானொலியில் நாள் முழுக்கச் சொற்களோடு புழங்குவது என் தொழில். அதனாலோ என்னவோ, இந்தச் சொற்பஞ்சம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கூடும் பீர் சுவைக் குழு ஒன்றில் சேர்ந்த பிறகுதான் அதற்கு ஒரு வழி கிடைத்தது.

நாங்கள் ஆறு பேர். ஒரு தாதி, ஒரு கணக்காய்வாளர், இரண்டு பொறியாளர்கள், நான், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். கெடா தோட்டத்தில் பிறந்து சிங்கப்பூரில் நிலைத்தவர் அவர். நாங்கள் சுவைப்பது கிராஃப்ட் பீர். அதாவது, பெரிய ஆலைகளில் எப்போதும் ஒரே சுவையில் தயாராகும் பீர் அல்ல. சிறு தயாரிப்பாளர்கள் சொந்தச் செய்முறையில், குறைந்த அளவில் காய்ச்சுவது.

ஒரு மாலைக்கு நான்கு வகை. ஒவ்வொன்றிலும் 330 மில்லிலிட்டர் கேன் இரண்டு. அதை ஆறு பேரும் பங்கிட்டால் ஆளுக்கு 110 மில்லிலிட்டர். நான்கையும் கூட்டினாலும் ஒருவர் குடிப்பது 440 மில்லிலிட்டர்தான், ஒரு பைண்ட்கூட ஆகாது. யாரும் வண்டி ஓட்டி வரக்கூடாது என்பது கண்டிப்பு.

முதலில் எழுது, பிறகு பேசு

எங்கள் குழுவில் முக்கியமான விதி ஒன்று உண்டு. கிளாஸை முகர்ந்து, ஒரு மடக்கு குடித்து, மூன்று சொற்களைத் தாளில் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. காரணம் எளிது. ஒருவர் "லிச்சி" என்று சொல்லிவிட்டால் போதும், மற்ற ஐந்து பேருக்கும் லிச்சி வாசம் அடிக்கத் தொடங்கிவிடும். நாக்கு அவ்வளவு சீக்கிரம் காதின் பேச்சைக் கேட்டுவிடுகிறது.

எழுதியதை வாசிக்கும்போதுதான் வேடிக்கை. ஒருமுறை பேல் ஏல் வகை ஒன்றைச் சுவைத்தோம். கணக்காய்வாளர் வழக்கம்போல ஆங்கிலத்தில் பைன் மரம், பிசின் என்று எழுதியிருந்தார். தாதி எழுதியது, "மாங்காய்க் காம்பை ஒடிச்சா வர்ற பால்."

மேசையில் இருந்தவர்களில் பைன் மரக்காட்டில் நடந்தவர் எவரும் இல்லை. மாங்காய்ப் பாலின் வாசம் தெரியாதவரும் இல்லை. அந்த ஒப்பீட்டுக்கு அறிவியல் துணையும் உண்டு. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அதன் எண்ணெயில் 'மிர்சீன்' என்ற வாசப்பொருள் நிறைய இருக்கிறது. மாங்காயிலும் அதே பொருள் உண்டு. தாதி குத்துமதிப்பாக எதையும் எழுதவில்லை, மூக்கு சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்.

தமிழில் ஒரு சுவைச் சக்கரம்

பீர்த் துறையில் 'சுவைச் சக்கரம்' என்று ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில் பிறந்த மோர்ட்டன் மெய்ல்கார்ட் 1970களில் உருவாக்கியது. வெவ்வேறு ஊர்களில் உள்ள தயாரிப்பாளர்கள் ஒரு சுவைக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். நாங்களும் ஒரு வெண்பலகையில் எங்களுக்கென்று தமிழ்ச் சக்கரம் ஒன்று போட்டு வருகிறோம். இரண்டு ஆண்டுகளில் அதில் சேர்ந்த சில சொற்கள் இவை.

துவர்ப்பு: சில பீர்கள் குடித்த பிறகு நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிக்கும். ஆங்கிலத்தில் பலர் இதை வாய் வறள்கிறது என்று சுற்றிவளைத்து விளக்குவார்கள். நமக்கோ இது அறுசுவையில் ஒன்று. பாக்கும் வாழைப்பூவும் பழகிய நாக்குக்கு ஒரே சொல் போதும்.

காறல்: ஹாப்ஸை அள்ளிப் போட்டுச் செய்யும் கலங்கலான ஐபிஏ வகைகள் சில தொண்டையைப் பிடிக்கும். சரியாக வேகாத கருணைக்கிழங்கு செய்யும் அதே வேலை. அதைக் காறல் என்று எழுதினோம்.

மைலோ டப்பா: பீருக்கு அடிப்படை மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் இருப்பது அதே மால்ட்தான். டப்பாவைத் திறந்ததும் வரும் அந்த வாசம் பழுப்பு நிற பீர்களில் அப்படியே இருக்கும்.

மக்கல்: காற்றுப் பட்டுப் பழையதாகிப்போன பீரின் குறை. ஆங்கிலத்தில் இதை அட்டைப்பெட்டி வாசம் என்பார்கள். மழையில் நனைந்த பழைய நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீர்மோர்: இதுதான் எங்களை எல்லாம் அசத்தியது. ஜெர்மனியின் கோஸ்லார் நகரத்தின் பெயரால் வழங்கும் 'கோஸ' என்ற புளிப்பு பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்க்கிறார்கள். புளிப்பைத் தருவது தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலம். உப்பு, மல்லி, தயிரின் புளிப்பு. இதை முதன்முறை குடித்த அண்ணன் தாளில் மூன்று சொற்கள் எழுதவில்லை. "கோயில்ல ஊத்துற மோரு" என்று ஒரே வரியாக எழுதிவிட்டார்.

போடாத வாழைப்பழம், சேர்க்காத கிராம்பு

ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் ஒரு சட்டம் வந்தது. பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றது. ஈஸ்ட் என்ன செய்கிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. இன்று அதையும் சேர்த்து நான்கு பொருள்கள் என்கிறோம். இந்த நான்கிலிருந்து இத்தனை சுவைகள் எப்படி வருகின்றன?

பவேரியாவின் கோதுமை பீரை முகர்ந்து பாருங்கள். வாழைப்பழமும் கிராம்பும் தெளிவாக மணக்கும். இரண்டில் எதையும் அதில் போடுவதில்லை. அந்த வகை ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று மதுவாக மாற்றும்போது கூடவே உண்டாக்கும் வாசங்கள் அவை. ஸ்டவுட்டில் வரும் காப்பி மணமும் அப்படித்தான். பல ஸ்டவுட்களில் காப்பி ஒரு சிட்டிகைகூட இருக்காது. பார்லியைக் கறுக்க வறுத்ததால் வரும் மணம் அது. காப்பிக்கொட்டையை வறுக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஐபிஏவின் விரிவு 'இந்தியா பேல் ஏல்'. பெயரில் இந்தியா இருந்தாலும் நம் முன்னோர்களை நினைத்துக் காய்ச்சியது அல்ல. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்காகக் கப்பலில் அனுப்பிய, ஹாப்ஸ் கூடுதலான பீர். கசப்பு தூக்கலாக இருக்கும். பாகற்காயை விரும்பிச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடித்துவிடுகிறது. எங்கள் குழுவில் அப்படி இருவர் இருக்கிறார்கள்.

நம் ஊர்க் கிளாஸில்

சிங்கப்பூரில் பீர் என்றதும் 1932இல் பிறந்த டைகர்தான் நினைவுக்கு வரும். சிறு அளவில் காய்ச்சும் பழக்கமும் இங்கே புதிதல்ல. 'புரூவர்க்ஸ்' 1997இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் தொடங்கியது. மரினா பே நிதி நிலையத்தின் 33ஆவது மாடியிலேயே பீர் காய்ச்சும் 'லெவல்33' 2010இல் வந்தது. 2022இல் பொதுப் பயனீட்டுக் கழகமும் புரூவர்க்ஸும் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்ட புதுநீரில் காய்ச்சிய 'நியூபுரூ'வை விற்பனைக்கு விட்டன. சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் உணவங்காடி நிலையத்தின் மாடியில்கூட மீ கடைகளுக்கு நடுவே கிராஃப்ட் பீர் கடை முளைத்தது.

விலைதான் கசக்கிறது. இங்கே பீர் மீதான தீர்வை, அதிலுள்ள தூய மதுவின் அளவைப் பொறுத்தது. 2014 வரவுசெலவுத் திட்டத்தில் அது லிட்டருக்கு 48 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாக உயர்ந்தது. 5 விழுக்காட்டு மதுவுள்ள 330 மில்லிலிட்டர் கேனில் தூய மது 16.5 மில்லிலிட்டர். அந்த விகிதத்தில் தீர்வை மட்டும் ஏறக்குறைய ஒரு வெள்ளி. அதே அளவு கேன் 9 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 1 வெள்ளி 80 காசு.

இந்தக் கணக்கைப் பணத்துக்காக மட்டும் போடவில்லை. கிராஃப்ட் பீர்களில் 8, 9 விழுக்காடு சாதாரணம். பார்ப்பதற்கு ஒரே அளவு கேன். உள்ளே இருப்பதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு மது.

"சும்மா பீர்தான், மிஸ்ஸி"

இந்தச் சொல் விளையாட்டால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். குடியால் நொந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு முன்னால் வாழைப்பழ வாசம், கிராம்பு வாசம் என்று பேசுவது வீண் ஆடம்பரமாகத் தோன்றலாம்.

அண்ணனுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். "சம்பளத்தன்னைக்குத்தான் தம்பி அங்க கூட்டம். கள்ளு இனிக்குதா புளிக்குதான்னு எவன் கேட்டான்? கடை மூடுறதுக்குள்ள எவ்வளவு இறக்கலாம், அதான் பேச்சு" என்பார். அவர் பிறப்பதற்கு முன்பே, 1946, 47 வாக்கில், கெடா தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் போராடியது காரணத்தோடுதான். கூலி கையில் வந்த வேகத்தில் கள்ளுக்கடைக்குப் போனது.

அந்த வரலாற்றின் பிறகு மதுவைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு குரல்களே மிஞ்சின. ஒன்று திட்டும், மற்றொன்று கேலி பேசிச் சிரிக்கும். நடுவில் நின்று, என்ன குடிக்கிறோம், எவ்வளவு குடிக்கிறோம் என்று நிதானமாகப் பேசும் குரல் இல்லாமல் போய்விட்டது.

அதன் விளைவைத் தாதி தன் வார்டில் பார்க்கிறார். "கல்லீரல் கெட்டுப்போய் வந்து படுத்திருப்பாங்க. என்ன குடிச்சீங்க அங்கிள்னு கேட்டா, 'சும்மா பீர்தான், மிஸ்ஸி'ம்பாங்க. எத்தனைன்னு கேட்டா தெரியாது. என்ன பீர்னு கேட்டாலும் தெரியாது. இருபது வருஷமா குடிச்சது எப்படி இருந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியல" என்றார் ஒருநாள். அன்று மேசையில் யாரும் அடுத்த கேனைத் திறக்கவில்லை.

சுவைத்துக் குடித்தால் தீங்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களில் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பெயர் அழகாக இருப்பதால் கல்லீரல் சலுகை தராது. குடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், ஏற்கெனவே குடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 'சும்மா பீர்தான்' என்பதற்குள் அளவை எளிதாக ஒளித்துவிட முடியும். பெயரும் விழுக்காடும் சுவையும் எழுதிய தாளில் ஒளிக்க இடமில்லை. எங்கள் ஆறு பேரிடமும் இரண்டு ஆண்டுத் தாள்கள் இருக்கின்றன. எதை, எவ்வளவு குடித்தோம் என்று ஒவ்வொருவராலும் சொல்ல முடியும்.

சுவைத்துப் பார்க்க விரும்புவோருக்கு

• மோர் பிடித்தவர்கள் கோஸ வகையிலிருந்து தொடங்கலாம். 'கோப்பி ஓ' பிரியர்களுக்கு ஸ்டவுட். கசப்பே பிடிக்காதவர்களுக்குக் கோதுமை பீர். பாகற்காய்ப் பிரியர்களுக்கு ஐபிஏ.

• வரிசை முக்கியம். மெல்லியதிலிருந்து அடர்த்திக்கு, கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். ஐபிஏவை முதலில் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் தண்ணீராகத் தெரியும்.

• ஐஸ் போடாதீர்கள். அதிகக் குளிர்ச்சி நாக்கை மரக்கச் செய்து வாசத்தை அமுக்கிவிடும். பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் வித்தியாசம் தெரியும்.

• காரமான மீன் தலைக் கறியோடு ஐபிஏ வேண்டாம். ஹாப்ஸின் கசப்பு காரத்தை இன்னும் ஏற்றிவிடும். மால்ட் இனிப்புள்ள பழுப்பு பீர் காரத்தைத் தணிக்கும். ஐபிஏவை முறுக்கோடு வைத்துக்கொள்ளுங்கள்.

• கேனில் விழுக்காட்டைப் பார்த்த பிறகு திறங்கள். 7க்கு மேல் என்றால் பங்கு போட்டுக் குடிக்க வேண்டியது அது.

• வீட்டிலேயே காய்ச்ச ஆசையா? 18 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்வரை உரிமமின்றிக் காய்ச்சலாம். விற்கக்கூடாது.

• ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் மடக்குக்கு மூன்று சொற்கள், தமிழில். மூன்றும் கிடைக்கும்வரை இரண்டாவது மடக்கு காத்திருக்கட்டும்.